மோட்டார் எந்திரத்தில் தீப்பொறியின் காலம்

இலக்கணம் பயில்வார்க்கு மாத்திரை என்னுஞ் சொல் புதியதன்று. கண்ணிமைக்கும் பொழுதும் கைந்நொடிக்கும் பொழுதுமே மாத்திரையின் அளவெனத் தொல்காப்பியர் வரையறுத்துப் போந்தார். பின்வந்த இலக்கண நூலார் அந்நொடியையும் கூறுபடுத்தி, நொடிக்க நினைத்த அளவிற் காலும், விரலை ஊன்றிய அளவில் அரையும், முறுக்கிய அளவில் முக்காலும், விடுத்த அளவில் ஒன்றுமாக மாத்திரை நிரம்பும் என்பர். ஓசை நம் செவிக்குக் கேட்பது விரலை விடுக்கும்போது. ஆயினும் அத்தொழில் தொடங்கியது நினைக்கும்போதாம். இப்பகுப்பை வகுப்பிற் கேட்ட ஞான்று, எழுத்துக்கு இத்துணை நுட்பமும் வேண்டுமோ என்று நம்மிற் சிலர் நகைத்ததுண்டு. அதனினும் பன்மடங்கு நுட்பமான காலக் கணக்கொன்று சாலையில் ஓடும் பழைய மோட்டார் வண்டி ஒவ்வொன்றினுள்ளும் நடைபெறுகின்றது. அக்கணக்குச் சிறிது தவறினும் பிஸ்டன் உடையும். அல்லது வண்டி மலையேற மாட்டாது. அதனை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றேன்.

பெட்ரோல் எந்திரத்தின் சிலிண்டருள் பிஸ்டன் நான்கு நடை நடந்து ஒரு தொழிலை முடிக்கும். முதல் நடையிற் கீழிறங்கிக் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவையை உறிஞ்சும். இரண்டாவதில் மேலேறி அதனை நெருக்கும். மூன்றாவதில் எரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளும். நான்காவதிற் புகை வெளியே போகும். இவற்றுள் மூன்றாம் நடையொன்றே நமக்கு வேலை செய்வது. ஏனைய மூன்றும் அதற்கு ஏவல் செய்வன. நெருக்கப்பட்ட கலவையிற் பிளக்கின் வாயிலாகத் தீப்பொறி தெறிக்க வேண்டும். எப்பொழுது தெறிக்க வேண்டும் என்பதே வினா.

பிஸ்டன் உச்சியை அடைந்த அக்கணத்தே என்று விடை கூறுதல் எளிது. அது பொருந்தாது. கலவை வெடிமருந்துபோல ஒருங்கே வெடிப்பதன்று. பிளக்கினருகே பற்றிய தீ, காய்ந்த புல்லிற் பரவும் நெருப்பைப்போல ஓரத்தினின்று மறு ஓரத்துக்குப் பரவிச் செல்வது. அதற்கு ஏறத்தாழ ஒரு விநாடியின் ஆயிரத்திலிரண்டு பங்கு செல்லும். அஃது ஒரு பொழுதாகுமோ எனின், எந்திரத்துக்கு ஆகும். நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுழலும் கிராங்கு தண்டு ஒரு விநாடியில் 50 முறை சுழல்வது. அஃதாவது 18,000 பாகை. ஆயிரத்திலிரண்டு பங்கு விநாடிக்குள் அது 36 பாகை திரும்பிவிடும். உச்சியிற் பொறியிட்டால், தீ முழுதும் பரவுமுன் பிஸ்டன் நெடுந்தூரம் இறங்கிவிடும். ஓடுகிறவன் முதுகைத் துரத்திக்கொண்டுபோய்த் தள்ளுவது போலாகும் அது. ஆதலின், பிஸ்டன் உச்சிக்கு வருமுன்னரே பொறி தெறித்தல் வேண்டும். வாயுவின் அழுத்தம் மிகுவது உச்சியைக் கடந்து ஏறத்தாழ 15 பாகையில் அமையுமாயின் தள்ளுதல் முழுப்பயன் தரும். உச்சிக்கு முன் பொறியிடுவதைத் தொழிலாளர் ‘அட்வான்ஸ்’ என்றும், அதனைப் பிந்தச் செய்வதை ‘ரிடார்டு’ என்றும் வழங்குவர். நினைத்தல் முன், ஓசை பின் என்ற நொடியின் கணக்கு இங்கும் உளது.

நான்கு சிலிண்டருடைய வண்டியில் அவ்வேகத்தில் விநாடிக்கு 100 பொறி தெறிக்கும். கண்ணிமைக்கும் பொழுதைப் பத்தில் மூன்று விநாடியென்று கொண்டால், ஒரு மாத்திரைக்குள் முப்பது பொறி. அம்முப்பதும் தத்தம் பாகை தவறாது விழுதல் வேண்டும்.

முந்தினால் நேர்வது யாது? பிஸ்டன் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கும்போதே தீ பரவி அதனை எதிர்த்து அமுக்கும். அதனோடு நில்லாது, பற்றிய தீயின் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் மறு ஓரத்திலே இன்னும் எரியாது கிடக்கும் கலவை, தீ தன்னை அணுகுமுன் தானே ஒருங்கு பற்றிவிடும். அப்போது எழும் அழுத்த அலை சிலிண்டர்ச் சுவரில் மோதி ஒலிக்கும். சல்லிக் கற்களைத் தகரக் குவளையிலிட்டுக் குலுக்கினாற்போன்ற அவ்வொலியையே ‘நாக்கிங்’ என்பர். அவ்வொலி கேட்கும் வரையில் எந்திரம் நமக்கு இரங்கி எச்சரிக்கின்றது என்றே கொள்க. சுவரையும் பிஸ்டன் தலையையும் காத்துநிற்கும் மெல்லிய வாயுப்படலத்தை அவ்வலை கிழித்தெறிதலால், வெப்பம் நேரே உலோகத்துட் புகும். பிஸ்டன் வளையங்களுக்கு இடைப்பட்ட வரம்புகள் உடையும். இறுதியிற் பிஸ்டன் தலையே உருகித் துளைபடும்.

பிந்தினால் ஓசையொன்றும் இல்லை. அதனாலேயே பலர் அதனைக் குற்றமென்று எண்ணுவதில்லை. தீ முடியுமுன் வெளிவாயில் திறத்தலின், சூடான வாயு எக்ஸாஸ்ட் வால்வுகளைக் கடந்து செல்லும், அவை கருகும், ரேடியேட்டர் கொதிக்கும், பெட்ரோல் செலவாகும், வண்டி சோம்பும். ஒன்று விரைவிற் கொல்லும் நோய். மற்றது மெல்ல மெலிவிக்கும் நோய்.

வேகத்துக்கேற்பப் பொறியின் காலமும் மாற வேண்டுமென்பது மேற்கூறிய கணக்காற் பெறப்படும். நிமிடத்துக்கு 800 சுற்றில் அதே பொழுதுக்குள் கிராங்கு திரும்புவது 10 பாகைக்குச் சற்றுக் குறைவே. பண்டை வண்டிகளில் இம்மாற்றம் ஓட்டுபவன் கையில் இருந்தது. 1908 முதல் 1927 வரை அமெரிக்காவிற் செய்யப்பெற்ற ஃபோர்டு ‘டி’ வண்டியின் திருப்புச் சக்கரத்தின் கீழ் இரு சிறு பிடிகள் இருக்கும். வலப்பிடி பெட்ரோலுக்கு, இடப்பிடி பொறிக்கு. வண்டியைக் கைப்பிடியாற் சுழற்றித் தொடங்குமுன் இடப்பிடியைப் பிந்திய நிலையில் வைத்தாக வேண்டும். மறந்தவன் கை, எதிர்த்துச் சுழன்ற கைப்பிடியால் முறிந்ததுண்டு. பின்னர் டிஸ்டிரிபியூட்டரினுள் இரண்டு சிறு எடைகளை வைத்து, வேகம் மிகுந்தோறும் அவை புறத்தே விரிந்து பொறியை முந்தச் செய்யும் அமைப்பு வந்தது. வேகம் மிகுதலின் கலவையினுள் சுழலும் மிகுந்து தீ விரைவிற் பரவும்; ஆதலால் முந்துதலும் ஓரெல்லைக்கு மேற் செல்வதில்லை. மூன்றாவதாக ஒரு துணையும் உளது. சமநிலத்தில் மிதியைச் சிறிதே அழுத்தி ஓடுங்கால் சிலிண்டருள் கலவை அடர்த்தி குறைந்து மெல்ல எரிதலின், அப்பொழுது இன்னும் முந்த வேண்டும். அதற்கென உறிஞ்சு குழாயின் வெற்றிடத்தால் இயங்கும் தோற்படலம் ஒன்று அமைத்தனர்.

நெல்லை நாட்டார்க்கு இப்பொருளோடு தொடர்பு மிகவுண்டு. 1911-இல் மதுரையில் டி. வி. எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய சுந்தரம் ஐயங்கார் திருக்குறுங்குடியிற் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரிற் பெட்ரோல் அரிதானபோது, அடுப்புக்கரியை எரித்துப் பெற்ற வாயுவால் பஸ்கள் ஓடும்படி அந்நிறுவனம் கரிவாயுக் கலங்களைச் செய்து கொடுத்தது. ‘கரிகேஸ் பஸ்’ என்று நம் பாட்டன்மார் கூறுவது இதுவே. கரிவாயு பெட்ரோல் ஆவியினும் மெல்ல எரிவது. ஆகவே அப்பஸ்களிற் பொறியை இன்னும் முந்தச் செய்தால்தான் ஓடும். மேட்டிற் பஸ் நின்றதும் பிரயாணிகள் இறங்கித் தள்ளிய கதைகளைக் கேட்டு மகிழ்கின்றோம். அதனுள் இத்தகைய கணக்கும் ஒன்று மறைந்திருந்தது. அந்நிறுவனத்தார் 1961-இல் இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனியாரோடு கூடிச் சென்னைப் பாடியில் தொடங்கிய தொழிற்சாலை, மோட்டார் வண்டிகளுக்கு வேண்டும் மின்கருவிகளைச் செய்வது. இனி, எங்கள் ஆழ்வார்குறிச்சியிற் பிறந்த எஸ். அனந்தராமகிருஷ்ணன் (1905-1964) சென்னைச் சிம்சன் கம்பெனியை நடத்தி, 1938-இல் அமால்கமேஷன்ஸ் என்னும் கூட்டு நிறுவனத்தை அமைத்தவர். அக்கூட்டத்தைச் சார்ந்த இந்தியா பிஸ்டன்ஸ் 1949-இல் தோன்றியது. பொறிக்கு ஒரூரார், அப்பொறி தவறினால் அடிபடும் பிஸ்டனுக்கு மற்றோரூரார்! இரண்டூரும் பொதிய மலைத்தொடரின் அடியிலேயே உள்ளன. எங்களூர்ச் சிவன்கோயில் மூர்த்தியின் பெயரும் வன்னியப்பர். வன்னி என்பது தீ. இதனாற் பெறப்படுவது யாதுமில்லை. சொல்ல விரும்பினேன், சொன்னேன்.

இனி ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 1961 முதல் சென்னையை அடுத்துச் செய்யப்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் வண்டியை முதியோர் அறிவர். இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. உருவை வகுத்தவர் இத்தாலியர் மிக்கெலொட்டி. அதன் எந்திரம் 948 கன சென்டிமீட்டர் அளவினது. பொறி விழும் முறை 1-3-4-2. மூடியும் முன் சக்கரக் காப்புகளும் ஒன்றாய் முன்னோக்கிச் சாய்ந்து திறத்தலின், எந்திரத்தைச் சுற்றிலும் நின்று வேலை செய்யலாம். இக்காலத்து வண்டி எதனினும் இவ்வசதி இல்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்காலத்து விமானத் தளத்தில் 1950-களிலிருந்து நடந்துவந்த பந்தயங்களில் நம் நாட்டு வண்டிகளையே திருத்தி ஓட்டினர். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயக் களம் திறந்தபின் சோழவரம் ஓய்ந்தது. அங்குப் பழகிய கைத்திறமோ பட்டறைகளிற் பரவி நின்றது. சிலிண்டர்த் தலையின் அடியைச் சீவி நெருக்கத்தை மிகுத்தல் அவற்றுள் ஒன்று. நெருக்கம் மிகுந்தால் ஆற்றல் மிகும். தீயும் விரைவிற் பரவும். ஆகலின் பொறியைச் சிறிது பிந்தச் செய்தல் வேண்டும். இப்பின்பகுதியைப் பலர் கற்றிலர்.

எங்களூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் அத்தகைய ஹெரால்டு ஒன்று உண்டு. வேறோர் ஊரிலுள்ள பட்டறையில் தலையைச் சீவி, இழுப்பு வேண்டுமென்று பொறியையும் முந்த வைத்து அனுப்பியிருந்தனர். சமநிலத்தில் வண்டி பறந்தது. பாபநாசத்திலிருந்து காரையாற்றுக்கு ஏறும் பாதையிலோ, முன்னே நான் கூறிய சல்லியொலி எழுந்தது. வால்வு ஓசையென்று அவரிடம் கூறிவிட்டனர். இவ்வெந்திரத்தின் பிஸ்டன்கள் இன்று கடையிற் கேட்டவுடன் கிடைப்பன அல்ல. ஒன்று உடைந்தால் வண்டி கொட்டகையில் நிற்க வேண்டியதே. எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் முதியவரிடம் அதனைக் கொண்டுவந்தார். நாங்கள் அவரை அண்ணாச்சி என்று அழைப்போம். அவர் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. முதலிற் பிளக்குகளைக் கழற்றி, அவற்றின் வெண்மையான பீங்கானைப் பூதக்கண்ணாடியால் நோக்கினார். மிளகுத்தூள் தூவினாற்போல நுண்ணிய புள்ளிகள் ஒட்டியிருந்தன; சிலவற்றில் வெள்ளிபோல் ஒரு மினுக்கம்.

“தம்பி, இது என்னவென்று தெரிகிறதா? பிஸ்டனின் அலுமினியம்,” என்றார். பிறகு ஆசிரியரை நோக்கி, “சார்வாள், இன்னும் இரண்டு முறை மலைக்குப் போயிருந்தால் என்னிடம் வரவேண்டிய வேலையே இராது, பழைய இரும்புக் கடைக்குத்தான் போயிருக்கும்,” என்றார்.

அவர் செய்த முறையை வரிசையாய்க் கவனித்தேன். டிஸ்டிரிபியூட்டரைத் திருப்புவதே டைமிங் வைத்தல் என்று நினைத்திருந்த எனக்கு, அதனை அவர் கடைசியிலேயே தொட்டது வியப்பாயிருந்தது. முதலிற் பாயிண்டுகளின் இடைவெளி. அஃது அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்காக இருக்க வேண்டும். இடைவெளி அகன்றால் பாயிண்டு முன்னரே திறக்கும், பொறி முந்தும், குறுகினால் பிந்தும். ஆதலின் டைமிங் வைத்தபின் பாயிண்டைத் திருத்துகிறவன் தான் வைத்ததைத் தானே கெடுக்கின்றான். அடுத்து, எடைகள். எண்ணெய் காய்ந்து அவை விரிந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு மெல்லத் திரும்பின. துடைத்து ஒரு துளி எண்ணெயிட்டார். அவற்றின் இரு வில்களில் ஒன்று தளர்ந்திருந்தது. மாற்ற வேண்டாமா என்றேன். அது தளர்ந்தே இருக்க வேண்டியது. முதலில் மெல்லிய வில் தனியே இழுபடும், வேகம் ஏறியபின் மற்றதும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் முந்துதல் தொடக்கத்தில் விரைந்தும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்று விளக்கினார். அறியாதார் இரண்டையும் ஒன்றுபோல் இறுக்கிவிடுவராம். மூன்றாவதாக, வெற்றிடக் குழாயை வாயால் உறிஞ்சி நுனியை நாவால் அடைத்தார். உள்ளிருந்த தட்டு நகர்ந்து அப்படியே நின்றது, படலம் கிழியவில்லை.

பின்னர் உச்சியைத் தேடினார். புல்லியின் மேலுள்ள குறியை அவர் நம்பவில்லை. முதற் சிலிண்டரின் பிளக்குத் துளையில் ஒரு மழுங்கிய தடையைத் திருகி, கையால் எந்திரத்தை ஒரு திசையிற் பிஸ்டன் முட்டும்வரை திருப்பிப் புல்லியில் ஒரு கோடிட்டார். மறுதிசையில் முட்டும்வரை திருப்பி வேறொரு கோடு. இரண்டின் நடுவே உண்மையான உச்சி. உச்சியில் பிஸ்டன் சில பாகைவரை அசையாததுபோல் தோன்றுதலின், கண்ணாலும் கம்பியாலும் அதனைப் பார்த்துத் துணிதல் இயலாது. இருபுறத்தையும் அறிந்து நடுவைக் காண்பதே வழி. பழைய குறி சரியாகவே இருந்தது. அம்முயற்சி வீணோ எனின், அன்று. இனி வரும் அளவெல்லாம் அக்குறியைச் சார்ந்தன.

தடையை எடுத்துவிட்டு, துளையிற் கட்டைவிரலை வைத்து, காற்றுத் தள்ளும் நடையே நெருக்கும் நடை எனக் கண்டு, 12 வோல்ட் விளக்கொன்றின் ஒரு முனையை டிஸ்டிரிபியூட்டரின் கம்பியிலும் மறுமுனையை எந்திரத்தின் உடலிலும் சேர்த்தார். பாயிண்டு திறக்கும் அக்கணத்தே விளக்கு எரியும். எந்திரத்தை அதன் இயல்பான திசையிலேயே மெல்லத் திருப்ப வேண்டும். குறியைக் கடந்துவிட்டால் பின்வாங்கி நிறுத்தலாகாது. நன்கு பின்சென்று மீண்டும் அத்திசையிலேயே வரவேண்டும். இல்லையேற் பல்சக்கரங்களின் தளர்ச்சி கணக்கிற் சேர்ந்துவிடும். விளக்கு எரிந்தபோது பார்த்தால், கையேட்டின் அளவினும் 8 பாகை முந்தியிருந்தது. டிஸ்டிரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்திற் சுழல்வது. அதன் உடலை 1 பாகை திருப்பினால் பொறி 2 பாகை மாறும். 8 பாகைக்குத் திருப்ப வேண்டியது 4 பாகையே. ஒரு கட்டைவிரல் நகத்தின் அகலத்தினும் குறைவு. உள்ளே ரோட்டார் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் பொறி முந்தும். அதே திசையில் திருப்பினால் பிந்தும். தலை சீவப்பட்டிருத்தலின், அண்ணாச்சி கையேட்டினும் 2 பாகை பிந்தவே வைத்து இறுக்கினார்.

வெற்றிடக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, எந்திரத்தை ஓடவிட்டு, பொறிக்கொரு முறை மின்னும் விளக்கைப் புல்லியின்மேற் பிடித்தார். சுழலும் புல்லி நின்றாற்போலத் தோன்றியது. வேகத்தை ஏற்றியபோது குறி மெல்ல நகர்ந்து 32 பாகையில் நின்றது. குறைத்தபோது தயங்காது திரும்பிற்று. எடைகள் குணமடைந்ததற்கு அதுவே சான்று. எத்துணை வேகத்திற் சுழல்வதும் ஒளி அளந்து விழுமாயின் அசையாது நிற்பதாய்க் காணப்படும் இக்காட்சியை மாணவர் அனைவரும் ஒருமுறை காண வேண்டும்.

பெட்ரோலைப் பற்றியும் சில கூறவேண்டும். 1921-இல் அமெரிக்கர் மிட்ஜ்லி, ஈயக் கூட்டுப்பொருள் ஒன்று நாக்கிங்கைத் தணிக்கும் எனக் கண்டார். அவ்வீயம் மக்களுக்கு, சிறப்பாகக் குழந்தைகளுக்கு, நஞ்சாதலின், நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டோடு நீக்கப்பட்டது. இந்நாளில் அதனிடத்து எத்தனால் கலக்கின்றனர். 2022-இல் நூற்றுக்குப் பத்தும், 2025-இல் இருபதுமாக அஃது உயர்ந்துள்ளது. எத்தனால் நாக்கிங்கை நன்கு தாங்குவது. அதனால் பழைய வண்டிகளைத் தாராளமாய் முந்த வைக்கலாமென்று சிலர் கூறுவர். எனக்கு அது முழுதும் உடன்பாடன்று. எத்தனாலில் ஆக்சிஜன் இருத்தலின், பழைய ஜெட்டுகளோடு கூடிய கார்புரேட்டரிற் கலவை மெலிந்து எந்திரம் சூடேறும். முதலில் ஜெட்டுகளை அதற்கேற்பத் திருத்தி, பழைய ரப்பர்க் குழாய்களையும் மாற்றி, அதன்பின்னரே பொறியின் காலத்தை ஆராய வேண்டும். கையேட்டின் எண் அக்காலத்துப் பெட்ரோலுக்குரியது. அது தொடக்கமேயன்றி முடிவன்று.

முடிவைச் சொல்வது பாதை. மறுநாள் காலையில் மூவரும் காரையாற்றுச் சாலையில் ஏறினோம். மூன்றாம் கியரில் மிதியை முழுதும் அழுத்தியும் ஒலியில்லை. வேண்டுமென்றே அண்ணாச்சி ஒரு வளைவில் நாலாம் கியரிலேயே வண்டியை இழுக்கவிட்டார். ஓரிரு கணம் மெல்லிய கிணுகிணுப்புக் கேட்டு, வேகம் ஏறியதும் மறைந்தது. “இது போதும், இதற்கு மேல் முந்தவும் வேண்டாம், இதைவிடப் பிந்தவும் வேண்டாம்,” என்றார். ஆயினும் சித்திரை வெயிலில் நால்வர் ஏறினால் என்னாகும் என்று ஆசிரியர் ஐயுற்றமையால், இறங்கி, டிஸ்டிரிபியூட்டரின் பக்கத்திலுள்ள சிறு திருகைச் சில பல் அளவு பிந்தும் பக்கம் திருப்பினார். புதிய பாயிண்டின் குதிகால் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் தேய்ந்து அமையும், இடைவெளி குறுகும், பொறி தானே இன்னுஞ் சிறிது பிந்தும். அப்போது திரும்பவும் வண்டியைக் கொண்டுவரும்படி சொல்லி, அந்நாளின் கிலோமீட்டர்க் கணக்கை மூடியின் உட்புறத்திற் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்தார்.